சான் வான் மலையூர்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டுராங்கோ, சில்வர்டன், யூரே, ரிட்ஜ்வே, டெல்லுரைட். கொலராடோவின் தென்மேற்கில் சான் வான் மலைகளைச் சுற்றி ஓடும் 236 மைல் சாலையில் இருக்கும் ஊர்கள் இவை. பெயர்ப்பலகையைப் பார்த்து ‘ஜுவான்’ என்றும் ‘ஊரே’ என்றும் படித்துவிடுவோம். அங்கே வாய்விட்டுச் சொல்வது ‘வான்’, ‘யூரே’.

236 மைல் என்றதும் எல்லோரும் போடும் கணக்கு ஒன்றுதான்: ஒரே நாளில் சுற்றிவிடலாம். சுற்றலாம், யார் தடுத்தது? ராத்திரி அறைக்குத் திரும்பும்போது வளைவுகளும் கழுத்துவலியும்தான் நினைவில் இருக்கும்.

டென்வரிலிருந்து நான் போனதையும் நண்பர்கள், உறவினர்களை அனுப்பிவைத்ததையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் தடுமாறியது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான். பாதிச் சிக்கல் சாலையில் வந்ததே இல்லை. முன்பதிவு செய்த வரிசையில் வந்தது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே முடிவெடுங்கள். விமான டிக்கெட் கடைசியில் வரட்டும்.

1. எந்த மாதம்

முதல்முறை என்றால் இரண்டே காலம்தான் பரிந்துரைப்பேன். ஒன்று, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை: காட்டுப்பூ பூத்திருக்கும், உயரத்தில் உள்ள மண் சாலைகளில் பனி போயிருக்கும். ஆனால் மதியம் தவறாமல் இடி இடிக்கும். மற்றொன்று செப்டம்பர் கடைசி வாரம்: ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் நேரம். பகலில் இதமான வெயில், இரவில் உறைபனி, அறை வாடகை உச்சத்தில்.

ஏப்ரல், மே வேண்டாம். அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று பலரும் விழுவது இங்கேதான். பனி உருகி எங்கும் சேறு. ஸ்கீ கூட்டம் போய், கோடைக் கூட்டம் வருவதற்குள் கடைக்காரர்களே ஊரைவிட்டு விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். டெல்லுரைட்டின் இலவச கோண்டோலா (கம்பியில் தொங்கி ஓடும் பெட்டி) கூட அந்த வாரங்களில் ஓடாது. குளிர்காலம் தனிக் கதை: பனிச்சரிவால் டுராங்கோ, சில்வர்டன், யூரேவை இணைக்கும் 550 நெடுஞ்சாலையை அவ்வப்போது மூடுவார்கள். அதை முதல் பயணத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதம் முடிவானதும் அந்த வாரத்தில் ஊரில் என்ன விழா என்று பாருங்கள். மே கடைசியில் வரும் மெமோரியல் டே வார இறுதியில் டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு சைக்கிள் போட்டி நடக்கும், சனிக்கிழமை காலை சாலையையே மூடுவார்கள். ஜூனில் டெல்லுரைட்டில் புளூகிராஸ் இசை விழா, செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே வார இறுதியில் திரைப்பட விழா. விழாவுக்கென்றே போனால் சரி. தெரியாமல் போனால் அறையும் கிடைக்காது, கார் நிறுத்த இடமும் கிடைக்காது.

2. எந்த ஊரில் தூங்குவது

இந்தப் பயணத்தில் முக்கியமான முடிவு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டுராங்கோ 6,512 அடி. யூரே 7,792. டெல்லுரைட் 8,750. சில்வர்டன் 9,318. ‘ஊட்டி பார்க்காததா’ என்று அப்பா அம்மா சொல்வார்கள். சில்வர்டனின் கடைத்தெரு தொட்டபெட்டா உச்சியைவிட அறுநூறு அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.

உயரத்தில் தூங்கும்போது மூச்சு மெதுவாகி, ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆக்சிஜன் இன்னும் குறையும். பகலில் ஒன்றும் தெரியாதவருக்குக்கூட நடு இரவில் தலைவலி வருவது அதனால்தான். ஆகவே பகலில் ஏறுங்கள், இரவில் இறங்கித் தூங்குங்கள்.

ஹூஸ்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர், படத்தில் அழகாக இருக்கிறதே என்று முதல் இரவையே சில்வர்டனில் பதிவு செய்திருந்தார். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பதாயிரம் அடி. இரவு இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. மனைவிக்கு வாந்தி, பையனுக்குத் தலைவலி, இவருக்குத் தூக்கமே இல்லை. விடியும் முன்பே டுராங்கோவுக்கு இறங்கினார்கள். இட்லிக் கடை எதுவும் அங்கே இல்லை என்று அப்போதும் குறைபட்டுக்கொண்டார், அதனால் தேறிவிட்டார் என்று புரிந்தது.

நான் சொல்லும் பங்கீடு: டுராங்கோவில் இரண்டு இரவு, யூரேயில் மூன்று, திரும்பும் வழியில் ஒன்று. சில்வர்டனைப் பகலில் பாருங்கள். டெல்லுரைட்டில் அறை விலை கையைச் சுடும். யூரே அல்லது ரிட்ஜ்வேயிலிருந்து பகல் பயணமாகப் போய் வரலாம். காரைப் பக்கத்து ஊரான மவுண்டன் வில்லேஜில் விட்டுவிட்டு கோண்டோலாவில் மலை தாண்டி ஊருக்குள் இறங்குங்கள். இலவசமாக இப்படி ஒரு காட்சி வேறெங்கும் கிடைக்காது.

அறை பதியும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, எந்த மாடி? பழைய கட்டடங்கள் பல. அழகான மரப்படி முழங்கால்வலி உள்ள மாமியாருக்கு அழகாகத் தெரியாது. யூரேயில் குடியிருப்பவர்களே 2020 கணக்கெடுப்பில் 898 பேர்தான். அறைகளும் அதற்கேற்ற அளவுதான். கோடைக்கு நான்கைந்து மாதம் முன்பே பதிந்துவிடுங்கள்.

3. எந்தத் திசையில் சுற்றுவது

டுராங்கோவிலிருந்து வடக்கே கிளம்பி சில்வர்டன், யூரே, ரிட்ஜ்வே, டெல்லுரைட், டொலோரஸ், கோர்டெஸ் வழியாக மீண்டும் டுராங்கோ. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை.

காரணம், சில்வர்டனுக்கும் யூரேவுக்கும் நடுவே உள்ள ‘மில்லியன் டாலர்’ சாலை. வடக்கு நோக்கிப் போனால் நம் கார் மலைச்சுவரை ஒட்டிப் போகும். தெற்கு நோக்கி வந்தால் பள்ளத்தின் விளிம்புப் பக்கம் நாம். அந்தப் பக்கம் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. குளிர்காலத்தில் பனியை வாரிப் பள்ளத்தில் தள்ள வழி வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். புதியவர் முதல் தடவை எந்தப் பக்கம் ஓட்டவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நேராக யூரேவுக்குப் போக வேண்டியவர்கள் மாண்ட்ரோஸ் விமான நிலையத்தில் இறங்கலாம், 36 மைல்தான். ஆனால் அப்படி வந்தால் சில்வர்டனுக்குப் போகும் முதல் ஓட்டமே விளிம்புப் பக்கம் அமையும். ஓட்டுபவர் பழகியவராக இருந்தால் மட்டும்.

4. கார்

கோடையில், தார்ச்சாலையில் மட்டும் சுற்றுவதென்றால் சாதாரண செடான் போதும். பெரிய வண்டி எடுத்தால் பாதுகாப்பு என்று நினைத்து, ஓட்டிப் பழகாத ஏழு இருக்கை வண்டியை எடுப்பவர்கள்தான் வளைவுகளில் அதிகம் வியர்க்கிறார்கள். தெரிந்த அளவு வண்டியே எடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் தார் போடாத சாலைக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அப்படிப்பட்ட சாலையில் சிக்கினால் இழுவை வண்டிச் செலவு முழுக்க நம் தலையில்.

பெட்ரோல் பங்கில் கவனம்: கொலராடோவில் மலிவான ‘ரெகுலர்’ 85 ஆக்டேன். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றின் கையேடு குறைந்தது 87 கேட்கும். வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் பழக்கத்தில் இடது பக்கப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். எண்ணைப் படித்துவிட்டு அழுத்துங்கள். டுராங்கோவில் ஒரு முறை, ரிட்ஜ்வேயில் ஒரு முறை நிரப்பினால் கவலை இல்லை.

5. கிளம்பும் முந்தைய இரவு

வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள். கணவாய்களில் சிக்னல் இருக்காது. அப்புறம், வழியைத் தேடும்போது போன் காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள். யூரேயிலிருந்து டெல்லுரைட் காகம் பறந்தால் பத்து மைல்கூட இல்லை. தார்ச்சாலையில் ரிட்ஜ்வே சுற்றி ஐம்பது மைல். நடுவில் கோடு போல ஒரு வழி தெரியும். அது 13,114 அடி உயர இமோஜீன் கணவாய், ஜீப்புக்கான பாறைப் பாதை. ‘நாற்பது மைல் மிச்சம்’ என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பி, அரை மைலில் அடிப்பக்கம் பாறையில் தட்டித் திரும்பியவர்களை நான் அறிவேன்.

மாநிலப் போக்குவரத்துத் துறையின் கோட்ரிப் தளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். பாறை விழுந்தோ சேறு வழிந்தோ மூடியிருந்தால் அதில் தெரியும்.

பையில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. ஜூலையிலும் கணவாயில் ஆலங்கட்டி விழும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம். காற்று அவ்வளவு வறட்சி. பெரியவர்களின் மருந்து ஒரு நாள் கூடுதலாக. சில்வர்டனிலும் யூரேயிலும் மருத்துவமனை இல்லை. பெரியது வேண்டுமென்றால் டுராங்கோ அல்லது மாண்ட்ரோஸ்தான்.

6. மலைச்சாலையில் ஓட்டும்போது

காலை எட்டு மணிக்குள் டுராங்கோவை விடுங்கள். கோல் பேங்க் (10,640 அடி), மோலஸ் (10,910), ரெட் மவுண்டன் (11,018) என்று மூன்று கணவாய் வரிசையாக வரும். மதிய மழைக்கு முன் மூன்றையும் தாண்டிவிடுவது நல்லது.

ஏறுவது எளிது, இறங்குவதில்தான் தவறு செய்கிறார்கள். ரெட் மவுண்டன் உச்சியிலிருந்து யூரேவுக்குப் பதின்மூன்று மைல் அளவில் 3,200 அடி இறக்கம். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகிய வாசனை வரும். உச்சியிலேயே கியரை L அல்லது கைமுறைக்கு மாற்றி இரண்டு, மூன்றில் விடுங்கள். என்ஜின் சத்தம் கூடும், கூடட்டும். பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும்.

பின்னால் வண்டிகள் சேர்ந்தால் பதற்றத்தில் வேகம் கூட்டாதீர்கள். சாலையோர ஒதுக்கிடம் வந்ததும் ஒதுங்கி விட்டுவிடுங்கள். ஒதுங்கினால் உள்ளூர்க்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிப் போவார். அதுதான் அங்கே வணக்கம், நன்றி எல்லாம். நீங்களும் ஒரு விரலைத் தூக்குங்கள் (ஆள்காட்டி விரலை!).

படம் எடுக்க மோலஸ் உச்சியிலும், யூரே நெருங்கும்போது பேர் கிரீக் அருவியிலும் சரியான நிறுத்தம் உண்டு. மற்ற இடத்தில் சாலை ஓரம் நிறுத்தாதீர்கள். ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை.

7. சில்வர்டனில் நேரம்

டுராங்கோவிலிருந்து வரும் நீராவி ரயில் நண்பகல் வாக்கில் சில்வர்டனுக்கு வந்து சேரும். அறுநூறு பேர் வாழும் ஊரில் திடீரென்று நூற்றுக்கணக்கானோர் பசியோடு இறங்குவார்கள். இரண்டு மணி நேரம் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் இடம் இருக்காது. ரயில் திரும்பியதும் தெரு அப்படியே வெறிச்சோடிவிடும்.

ஆகவே பதினொன்றரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள், இல்லை இரண்டரைக்கு மேல் சாப்பிடுங்கள். கூட்ட நேரத்தில் தார் போட்ட கிரீன் தெருவை விட்டு, ஒரு தெரு தள்ளி மண் தெருக்களில் நடங்கள். உண்மையான ஊர் அங்கேதான்: விறகு அடுக்கிய திண்ணை, பிரித்துப் போட்ட பனி வண்டி, படுத்திருக்கும் நாய். மெதுவாக நடங்கள், மூச்சு வாங்கும்.

ரயிலிலேயே போகலாமா என்று கேட்பார்கள். ஒரு வழி மூன்றரை மணி நேரம், போய் வந்தால் நாள் முடிந்தது. குழந்தைகள் போகும்போது குதிப்பார்கள், வரும்போது அழுவார்கள். ஒரு வழி ரயில், மறு வழி பேருந்து என்ற டிக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள். அப்படிச் செய்தால் அந்த நாளை டுராங்கோவின் இரண்டாவது நாளாக வையுங்கள், கார் பயணத்தோடு கலக்க வேண்டாம்.

8. சாப்பாடு

மளிகையை டுராங்கோவிலேயே வாங்கிவிடுங்கள். மலைக்குள் இருப்பவை சிறிய கடைகள், விலை அதிகம், தக்காளி வாடியிருக்கும். சமையலறை உள்ள அறை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி: சோறு வேகாது. யூரேயில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் வைத்த சோறு வெளியே குழைந்து உள்ளே நருக்கென்று இருக்கும். பருப்பு மதியம் வரை கல்லாகவே கிடக்கும். குக்கரோ இன்ஸ்டன்ட் பாட்டோ எடுத்துப் போங்கள், அரிசியை அரை மணி ஊறவையுங்கள், வழக்கமான நேரத்தில் கால் பங்கு கூட்டுங்கள்.

வெளியே சாப்பிடும் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெனுவில் ‘கிரீன் சில்லி’ என்று இருக்கும். பச்சை மிளகாய்ச் சட்னி என்று நினைத்து வாங்குவோம். கொலராடோவில் அது பெரும்பாலும் பன்றிக்கறி போட்ட குழம்பு. மசித்த பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரவு எட்டரைக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் கிடைக்காததால் வார நாளில் ஓரிரு நாள் மூடும் கடைகளும் உண்டு. போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டிப் 18 முதல் 20 சதவீதம்.

மிச்சமான உணவைக் காரில் விட்டுத் தூங்காதீர்கள். யூரேயில் கரடிகள் ஊருக்குள் வரும், பூட்டாத கார்க் கதவைத் திறக்கவும் அவற்றுக்குத் தெரியும். ஊறுகாய் பாட்டிலும் உணவுதான்.

9. மண் சாலைகளும் கைவிட்ட ஊர்களும்

சில்வர்டனிலிருந்து பன்னிரண்டு மைலில் ஆனிமஸ் ஃபோர்க்ஸ், 11,200 அடியில் ஆளில்லாத சுரங்க ஊர். மரவீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாம். முதல் தடவைக்கு ஓட்டுநரோடு வரும் ஜீப் சுற்றுலாவையே எடுங்கள். பணம் கூட, ஆனால் நீங்கள் சக்கரத்தைப் பார்க்காமல் மலையைப் பார்க்கலாம். சொந்தமாக ஜீப் வாடகைக்கு எடுத்தால், ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை; இறங்குகிறவர்தான் பின்வாங்கி இடம் தர வேண்டும். பின்னோக்கி ஓட்ட வராதென்றால் எடுக்காதீர்கள். டெல்லுரைட்டுக்குச் செங்குத்தாக இறங்கும் பிளாக் பேர் கணவாய் ஜீப் பாதையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சுரங்க வாய்க்குள் தலையை நீட்டவும் கூடாது. உள்ளே காற்று கெட்டிருக்கும், தரை உளுத்திருக்கும். மரமில்லாத உயரத்திலிருந்து நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள், மின்னலுக்கு அங்கே உயரமான பொருள் நாம்தான்.

10. ஆரஞ்சுத் தண்ணீரும் வெந்நீரும்

யூரே பக்கம் ஓடைகள் துருப்பிடித்த நிறத்தில் ஓடும். பாறையிலும் பழைய சுரங்கங்களிலும் இருந்து கசியும் உலோகங்கள் அவை. 2015 ஆகஸ்டில் சில்வர்டன் அருகே கோல்ட் கிங் சுரங்கம் உடைத்துக்கொண்டு சுமார் முப்பது லட்சம் கேலன் வழிந்து, ஆனிமஸ் ஆறே மஞ்சளானது. ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குழந்தைகளை அளைய விடாதீர்கள். முகாமுக்கான வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், உலோகத்தை விட்டுவிடும்.

யூரேயின் ஊர் வெந்நீர்க் குளம் மாலையில் உடம்புவலிக்கு நல்லது. நீச்சல் உடை கட்டாயம். ரிட்ஜ்வே அருகே ஆர்விஸ் என்ற வெந்நீர் ஊற்றும் உண்டு, இயற்கையான இடம். ஆனால் அங்கே உடை அவரவர் விருப்பம். மாமனார் மாமியாரோடு போகும் முன் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

11. உடம்பு சரியில்லை என்றால்

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கக் குறைவு முதல் இரண்டு நாள் சகஜம். தண்ணீர் குடித்து, மதுவைத் தவிர்த்து, ஏறாமல் இருந்தால் போகும். வாந்தி நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். 911 அழையுங்கள், உடனே உயரம் குறைந்த ஊருக்கு இறக்குங்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் உயரத்தின் எண்களைச் சொல்லிக் கேளுங்கள். ‘மலைக்குப் போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.

12. திரும்பும் வழி

டெல்லுரைட்டிலிருந்து லிசர்ட் ஹெட் கணவாய் (10,222 அடி) ஏறி, ரிகோ, டொலோரஸ் வழியாக இறங்கும் சாலையில் பள்ளமும் குறைவு, வண்டியும் குறைவு. கடைசி இரவை டொலோரஸிலோ மான்கோஸிலோ வையுங்கள். மறுநாள் பழங்குடிகளின் பாறைக்குடியிருப்புகள் உள்ள மேசா வெர்டே தேசியப் பூங்காவைப் பார்க்க நினைத்தால் பாறைக்குடியிருப்புக்குள் போகும் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருக்க வேண்டும். வாசலில் போய் நின்றால் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம்.

டென்வருக்கு ஓட்டித் திரும்புகிறவர்கள் டுராங்கோவிலிருந்து ஆறரை, ஏழு மணி நேரம் என்று கணக்கு வைத்து, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் மான்களும் எல்க் என்ற பெரிய மான்களும் சாலைக்கு வரும். ஒன்று தாண்டிப் போனதும் வேகம் எடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று நிற்கும்.